புதுப்பிப்பு: போதைப்பொருள் வழக்கும் தம்பியின் கிரீன் கார்டும்

அமெரிக்காவில் கிரீன் கார்டுடன் வாழும் என் தம்பி, சிறிதளவு கொக்கைன் வைத்திருந்த வழக்கில் 2019இல் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் நாடுகடத்தல் நடவடிக்கைக்கு உள்ளானதையும், குற்றப் பதிவை அழித்தால் தப்பலாமா என்பதையும் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

அழிப்பதால் பயனில்லை என்று நீங்கள் சொன்னது சரியே. சொந்தப் பயன்பாட்டுக்கு 30 கிராமுக்கு மேற்படாத கஞ்சாவை ஒருமுறை வைத்திருந்ததற்கு மட்டுமே குடியேற்றச் சட்டத்தில் நாடுகடத்தலிலிருந்து விலக்கு உண்டு, கொக்கைனுக்கு இல்லை.

கைகொடுத்தது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2010ஆம் ஆண்டு 'பாடில்லா எதிர் கென்டக்கி' தீர்ப்பைச் சுட்டிய யோசனை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடுகடத்தப்படலாம் என்று கட்சிக்காரரை எச்சரிப்பது வழக்கறிஞரின் கடமை என்கிறது அத்தீர்ப்பு. தம்பியின் அன்றைய வழக்கறிஞரோ, "சிறை இல்லை, கவலைப்படாதீர்கள்" என்றதோடு நிறுத்திக்கொண்டார். அந்த அடிப்படையில் மனு செய்து, தண்டனைத் தீர்ப்பை ரத்து செய்ய வைத்தோம்.

எதிர்பாராதவை இரண்டு. முதல் உத்தரவில் "நீதியின் நலன் கருதி" என்று மட்டுமே இருந்ததால் குடியேற்ற வழக்கில் அரசுத் தரப்பு அதை ஏற்கவில்லை; குடியேற்றச் சிக்கலைத் தவிர்ப்பதற்காக ரத்தான தீர்ப்பு, குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் தண்டனையாகவே நீடிக்கும். வழக்கறிஞர் எச்சரிக்கத் தவறிய சட்டக் குறைபாட்டை வெளிப்படையாகக் குறிப்பிடும் திருத்திய உத்தரவைப் பெற்ற பிறகே குடியேற்ற நீதிபதி நடவடிக்கையை முடித்தார். மற்றொன்று, தீர்ப்பு ரத்தானதும் பழைய குற்றச்சாட்டு உயிர்பெற்றது. இம்முறை குடியேற்ற வழக்கறிஞரையும் கலந்து, போதைப்பொருள் தொடர்பில்லாத ஒழுங்கீனக் குற்றமாக அதை முடித்துக்கொண்டோம்.