காலியம் ஆர்சனைடின் மேல் வளர்த்த இரும்புப் படலம் சூட்டில் ஏன் குலைகிறது?

கேள்வி:
வணக்கம். காலியம் ஆர்சனைடு என்ற குறைகடத்திப் படிகத்தின் (001) முகத்தில் மூலக்கூற்றுக் கற்றை முறையில், அதாவது வெற்றிடத்தில் அணுக்களை மெல்லப் படியவிட்டு, இரும்பை வளர்த்து வருகிறேன். இரும்பின் அணிக்கோவை மாறிலி (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அலகின் பக்க நீளம்) 2.866 ஆங்ஸ்ட்ராம், காலியம் ஆர்சனைடின் 5.653 ஆங்ஸ்ட்ராமில் பாதி 2.827. ஆக, பொருத்தமின்மை ஏறத்தாழ 1.4 விழுக்காடுதான். அறை வெப்பநிலையில் வளர்த்தபோது எலக்ட்ரான் விளிம்பு விளைவுப் படத்தில் கோடுகள் நீண்டு தெளிவாக இருந்தன, அதாவது மேற்பரப்பு சமமாக இருந்தது. அதே படலத்தைச் சூடேற்றிய பின் அவை புள்ளிகளாகச் சிதறின, காந்தமாக்கலும் குறைந்துவிட்டது. இவ்வளவு நன்றாகப் பொருந்தும் படிகம் ஏன் நிலைக்கவில்லை?

மறுமொழி 1:
அணிக்கோவை பொருந்துவதால் தெரிய வருவது, படலம் எவ்வளவு இறுக்கத்தைத் தாங்க வேண்டும் என்பது மட்டுமே. இரும்பும் தளமும் ஒன்றோடொன்று வினைபுரியுமா என்பதை அது சொல்லாது. இரும்பு, காலியத்தோடும் ஆர்சனிக்கோடும் சேர்மங்களை உண்டாக்கும். அறை வெப்பநிலையிலேயே கொஞ்சம் ஆர்சனிக் படலத்தின் மேற்பரப்புக்கு மிதந்து வந்துவிடுகிறது. சூடேற்றினால் இடைமுகத்தில் வினை வேகம் பிடித்து, காந்தத்தன்மை குன்றிய புதிய சேர்மங்கள் தோன்றுகின்றன. சூட்டைத் தாங்கும் படலம்தான் தேவையென்றால் இரும்புச் சிலிசைடை, அதாவது மூன்று இரும்புக்கு ஒரு சிலிக்கான் உள்ள சேர்மத்தை, முயன்று பாருங்கள். அதன் மாறிலி 5.65 ஆங்ஸ்ட்ராம் அளவில் தளத்தோடு ஒத்துப்போகிறது. தூய இரும்பைவிட வினையும் குறைவு.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. ஆனால் நிலையின்மை என்ற ஒரே சொல்லில் வெவ்வேறு சங்கதிகள் கலந்துவிடுகின்றன. கோபால்ட் இயல்பில் அறுகோணப் படிகம். 1985இல் காலியம் ஆர்சனைடின் (110) முகத்தில் அதைப் பொருள்மையக் கனசதுரமாக (மூலைகளிலும் நடுவிலும் அணு உள்ள கனசதுரமாக) வளர்த்துக் காட்டினார்கள். பிற்பாடு 1993இல் வந்த கணக்கீடு, அந்த அமைப்பு தனித்து விட்டால் உருக்குலையக்கூடியது என்று காட்டியது. தளத்தின் பிடிதான் அதைத் தாங்கி நிற்கிறது. உங்கள் இரும்புக்கோ கனசதுரமே இயல்பு, எனவே இந்தச் சிக்கல் அதற்குப் பொருந்தாது. மாங்கனீசு ஆர்சனைடில் நடப்பது வேறு: ஏறத்தாழ 40 டிகிரி செல்சியசில் காந்த நிலை காந்தமற்ற நிலையாக மாறுகிறது, தளத்தின் இறுக்கத்தால் இரண்டும் பட்டை பட்டையாகச் சேர்ந்தே இருக்கின்றன, குளிர்ந்தால் காந்தம் திரும்பிவிடுகிறது. குளிர்ந்த பின்னும் உங்கள் படலத்தில் காந்தமாக்கல் திரும்பவில்லையென்றால், அது வேதிவினையே.

கேள்வி கேட்டவர்:
குளிர்ந்த பிறகே அளந்தேன், திரும்பவில்லை. மேற்பரப்பில் ஆர்சனிக் இருக்கிறதா என்று ஓஜே நிறமாலையில் (மேற்பரப்பில் உள்ள தனிமங்களை எலக்ட்ரான்களின் ஆற்றலால் அடையாளம் காணும் முறையில்) பார்த்துவிட்டு எழுதுகிறேன்.