ஃபெட்ச்: கொணரியா, தருவியா?

காரைக்குடி:
ஆய்வகத் தாள் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் 13-ஆம் பதிப்பிலிருந்து 14-க்கு ஏறும் பாடம். போர்ட்ஸ் மரத்தை, அதாவது மென்பொருள்களைக் கட்டும் குறிப்புகளின் அடைவுத் தொகுப்பை, இறக்கித் தந்த போர்ட்ஸ்னாப் கருவியை 14.0-இல் எடுத்துவிட்டார்கள். அந்த வரியைக் கிட் கருவியால் முழுத் தொகுப்பையும் படியெடுக்கும் க்ளோன் கட்டளையாக மாற்றியாயிற்று. தலைப்புதான் பாக்கி. சோர்ஸை (மூலநிரலை) ஃபெட்ச் செய்யும், அதாவது இணையத்திலிருந்து எடுத்துவரும் கருவிக்கு 'மூலக்கொணரி' சரிப்படுமா?

தேவகோட்டை:
வேண்டாம் ஐயா, மூலத்துக்கு மருந்து என்று நினைப்பார்கள். 'நிரல்தருவி' என்று போடுங்கள். பர்மாத் தேக்கைத் தருவித்தார்கள் என்று நம் பக்கத்து வளவுகளில் சொல்லிக் கேட்காதவர் யார்? தரு, அதன்மேல் 'வி' என்னும் பிறவினை விகுதி. கருவியோடு எதுகையும் அமைகிறது.

கானாடுகாத்தான்:
எதுகைக்காகச் சொல் ஆக்குவதா? தருசொல் தன்மைக்கும் முன்னிலைக்குமே உரியது என்கிறது தொல்காப்பியச் சொல்லதிகாரம், படர்க்கைக்குக் கொடைச்சொல். என் கணினிக்கு வந்தால் தருவி. அதையே அடுத்த மேசைக்கு அனுப்பினால் 'கொடுப்பி'யா? 'தரவு' வேறு டேட்டாவாகிவிட்டது. தரவிறக்கமா பதிவிறக்கமா என்ற வழக்கே இன்னும் தீரவில்லை.

புதுவயல்:
பிள்ளைகள் ஃபெட்ச் என்றுதான் சொல்லப்போகிறார்கள். தாளில் இதைச் சேருங்கள். கிட் அடிப்படை நிறுவலில் கிடையாது. முதலில் பிகேஜி என்னும் தொகுப்பு நிறுவி வழியாக நிறுவ வேண்டும். யுஎஸ்ஆர் போர்ட்ஸ் அடைவில் பழைய மரம் இருந்தால் க்ளோன் மறுக்கும். இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையின் இயல்பு நிறுவலில் அந்த அடைவு தனி டேட்டாசெட் (தனியாக ஏற்றப்படும் பகுதி), பெயர் மாற்றப் போனால் 'டிவைஸ் பிஸி' என்று நிற்கும். எனவே இறக்கிவைத்த மூலக் கோப்புகள் உள்ள டிஸ்ட்ஃபைல்ஸை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, உள்ளே இருப்பதை அழிக்க வேண்டும். ஆர்எம் என்னும் அழிக்கும் கட்டளைக்கு வெறும் நட்சத்திரக் குறி போதாது. புள்ளியில் தொடங்கும் போர்ட்ஸ்னாப் இண்டெக்ஸ் கோப்பு அதில் சிக்காமல் தங்கிவிடும், க்ளோன் மறுபடியும் மறுக்கும்.

இன்னொன்று. பழைய ஸ்கிரிப்டில் வரிகள் தனித்தனியாக இருந்தால், போர்ட்ஸ்னாப் இல்லை என்று ஒரு வரி காட்டிவிட்டு, பழைய மரத்தையே வைத்துக் கட்டத் தொடங்கிவிடும். முதல் வரியிலேயே 'செட் -ஈ' போட்டால் பிழை வந்த இடத்தில் நின்றுவிடும்.

காரைக்குடி:
நான்கும் சேர்த்தாயிற்று. போர்ட்ஸ்னாப்பை 'வழக்கொழிந்தது' என்று எழுதலாமா?

தேவகோட்டை:
டெப்ரிகேட்டடுக்கு (இனி நீக்கப்போவதாக அறிவித்ததற்கு) அது ஒத்துவராது. வழக்கொழிந்தது என்றால் போயே போய்விட்டது. 13-இல் 'விலக்கவிருப்பது', 14-இல் 'நீக்கப்பட்டது'.

காரைக்குடி:
சரி. தலைப்பு 'நிரல்தருவி', உள்ளே ஃபெட்ச். மூவருக்குச் சம்மதம்.

கானாடுகாத்தான்:
எனக்குச் சம்மதமில்லை, குறித்துக்கொள்ளுங்கள். நிரல்களைச் சேர்த்துவைக்கும் ரிபாசிட்டரிக்குக் 'களஞ்சியம்' என்று போட்டிருக்கிறீர்களே, களஞ்சியத்தில் நெல்லை அள்ளினால் குறையும். கிட்டில் குறையுமா?