நிக்கல் பேக்கிலிருந்து லிப்போவுக்கு மாறலாமா?

கேள்வி:
ரிமோட்டில் பறக்கும் என் பயிற்சி மாடல் விமானத்தில் 8 செல் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேக், 9.6 வோல்ட். மேலே ஏறும்போது திணறுகிறது. 3 செல், 2200 எம்ஏஎச் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) போட்டால் சரியாகுமா?

பதில் 1:
தாராளமாக மாறுங்கள், எடையும் குறையும். ஆனால் 3 செல் லிப்போவின் 11.1 வோல்ட்டில் அதே புரொப்பெல்லர் அதிக ஆம்பியர் இழுக்கும். ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) தாங்குமா என்று வாட்மீட்டரில் பாருங்கள். அப்புறம், எடை மாறுவதால் ஈர்ப்பு மையத்தையும் சரிபாருங்கள்.

பதில் 2:
பேக்கின் உறையில் 25சி என்றால், கொள்ளளவைப்போல் 25 மடங்கு மின்னோட்டம் தரும் என்று பொருள்: 2200 எம்ஏஎச் என்பது 2.2 ஆம்பியர்-மணி, எனவே 2.2 × 25, அதாவது 55 ஆம்பியர். அந்த எண்ணை அப்படியே நம்பாதீர்கள். என்னிடம் ஒரே அளவில் இரண்டு பேக். ஒன்று மட்டும் ஒவ்வொரு முறையும் சூடாகவே இறங்கும். அளந்து பார்த்தேன், அதன் உள்மின்தடை இரு மடங்கு.

கேட்டவர்:
நன்றி. பறக்காத நாட்களில் பேக்கை எப்படி வைப்பது?

பதில் 2:
செல்லுக்கு 3.8 வோல்ட் இருக்கும்படி வையுங்கள். முழுதாக ஏற்றி வைத்தே நல்ல பேக் ஒன்று உப்பிப்போனது, இன்னும் வருத்தம்தான். பழைய நிக்கல் சார்ஜரை மட்டும் இதில் மாட்டவே மாட்டாதீர்கள், தீப்பிடிக்கும்.