விரல் ரேகை விழாத அம்மாவுக்கு உயிர்வாழ் சான்று எடுப்பது எப்படி?

செல்வி: எங்க தெருவுல பீடி சுத்தி ஓய்வான அம்மா ஒருத்தங்க. பி.எஃப். பென்ஷன் வருது. உயிரோட இருக்காங்கன்னு காட்டுற உயிர்வாழ் சான்றுக்காக இ-சேவை மையத்துல அஞ்சு விரலும் வச்சுப் பார்த்தாச்சு, ரேகை விழல. கட்டைவிரல் வழவழன்னு தேய்ஞ்சு கிடக்கு. "செத்துட்டேன்னு எழுதிடுவாங்களா?"ன்னு கேக்குறாங்க. வழி சொல்லுங்க.

முருகேசன்: ரேகையை விடுங்கம்மா. முகத்தை வச்சே எடுக்கலாம். ஆண்ட்ராய்டு போன்ல முகத்தைச் சரிபார்க்குற ஆதார் ஃபேஸ் ஆர்டி, சான்று எடுக்குற ஜீவன் பிரமாண் ரெண்டு செயலியும் ஏத்துங்க. முதல்ல, எடுத்துக் கொடுக்குற ஆபரேட்டரா உங்க முகத்தைப் பதியணும். அப்புறம் அவங்களோடது. பி.பி.ஓ. எண், அதாவது பென்ஷன் ஆணை எண், கையில இருக்கட்டும். திண்ணையில வெளிச்சத்தைப் பார்த்து உட்கார வைங்க. கண் சிமிட்டணும், வயசானவங்க போட்டோவுக்குன்னு விறைப்பா முழிச்சுக்கிட்டே இருப்பாங்க!

செல்வி: நவம்பர் வரைக்கும் காத்திருக்கணுமாண்ணே?

முருகேசன்: அது மத்திய அரசு பென்ஷன்காரங்களுக்கு. பி.எஃப்.புக்கு எந்த மாசமும் கொடுக்கலாம், கொடுத்த நாள்லயிருந்து ஒரு வருஷம் செல்லும்.

ராணி: விதவைப் பென்ஷனா? மறுமணம் ஆச்சான்னு ஒரு கேள்வி வரும். படிச்சுக் காட்டிட்டு அழுத்துங்க. போன் ஒத்துவரலைன்னா தபால்காரரைக் கூப்பிடுங்க, பி.எஃப். பென்ஷன்காரங்ககிட்ட கட்டணம் வாங்காம வீட்டுக்கே வந்து எடுப்பார்.