உதவி: 60 வாட், 100 வாட் பல்ப் தொடராக இணைத்தேன், கணக்கோடு ஒத்துவரவில்லை (வியாழன் இன்டர்வியூ)

கோப்பாய்ப் பொடியன் | செவ்வாய் மாலை 6.40

வணக்கம். வியாழக்கிழமை கொழும்பில் டெக்னீசியன் வேலைக்கு இன்டர்வியூ. நாளை இரவு பஸ். பழைய கேள்விகளில் ஒன்று: 60 வாட் பல்ப்பையும் 100 வாட் பல்ப்பையும் தொடராக இணைத்தால் எது கூட வெளிச்சம்? விடை 60 என்று தெரியும். கணக்கும் செய்தேன். 60இல் 23 வாட், 100இல் 14 வாட் செலவாக வேண்டும். வீட்டில் இணைத்துப் பார்த்தால் 60 முழு வெளிச்சம், 100 துளியும் எரியவில்லை. சிவப்பாகக்கூட இல்லை. தனியே போட்டால் 100 நன்றாக எரிகிறது. கணக்கு பிழையா, பல்ப் பிழையா? கெதியாகச் சொல்லுங்கோ.

நியூட்ரல் நல்லவன் | 6.52

நியூட்ரல் லூஸ். வேறு ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டிலும் போன மாரிக்கு இப்படித்தான், ஒரு அறையில் வெளிச்சம் கூடும், மற்ற அறையில் மங்கும். மீற்றர் பெட்டியடியில் இறுக்கிவிட்டதும் சரி.

கிணற்றடி | 6.58

எனக்கென்றால் வோல்டேஜ் குறைவு என்றுதான் படுகிறது. பின்னேரம் எல்லோரும் தண்ணீர் இறைக்கிற நேரம். 230 வரவேண்டிய இடத்தில் எவ்வளவு வருகிறது என்று அளந்தீரா?

பிளையர் அக்கா | 7.05

தம்பி, என்ன பல்ப், எப்படி இணைத்தாய், எதால் அளந்தாய், ஒன்றுமே சொல்லவில்லையே. லூஸ் நியூட்ரல் என்றால் 100 தனியே எப்படி நன்றாக எரியும்? ஒரு படம் போடு.

பழைய வயறிங்காரர் | 7.20

முதலில் ஓமின் விதியை ஒழுங்காகப் படித்துவிட்டு இன்டர்வியூவுக்குப் போகவும். இப்போதைய பிள்ளைகளுக்கு எல்லாம் வீடியோவில் வேண்டும். 1990களில் யாழ்ப்பாணத்தில் கரண்டே இல்லாத காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டு, அதிலேயே மின்னியல் பழகினவர்கள் நாங்கள். தொடர்ச் சுற்றில் ஒன்று எரிந்து மற்றது எரியாமல் இருக்காது. நீர் இணைத்தது சமாந்தரம். அவ்வளவுதான்.

கோப்பாய்ப் பொடியன் | 7.41

படம் எடுக்க நேரமில்லை. ஐயா, சமாந்தரம் என்றால் இரண்டும் முழுதாக எரிய வேண்டுமே. தொடராகத்தான் இணைத்தேன், ஒன்றைக் கழற்றினால் மற்றது அணைகிறது. வோல்டேஜ் 226. சாதாரண பல்ப்தான். 100 எங்கள் கோழிக்குஞ்சுக் கூட்டில் இருந்தது, 60 இன்று கடையில் வாங்கியது. இன்னொரு சிக்கல்: 100ஐக் கழற்றி மீற்றரில் அளந்தால் 40 ஓம்தான் காட்டுகிறது. 230 தர 230 வகுத்தல் 100, 529 வரவேண்டும். மீற்றரும் பழுதா?

(அம்மா குஞ்சுகளுக்குக் குளிர்கிறது என்று சத்தம் போடுகிறா. கெதியாக.)

பிளையர் அக்கா | 7.46

மீற்றர் நல்ல மீற்றர். 60ஐயும் அளந்தாயா? எத்தனை ஓம்?

கோப்பாய்ப் பொடியன் | 7.47

ஓம்.

பிளையர் அக்கா | 7.48

இது அளந்தேன் என்கிற ஓமா, அலகு ஓமா?

கோப்பாய்ப் பொடியன் | 7.50

அளந்தேன் அக்கா. ஒன்றும் வரவில்லை. எல்லையில்லாத் தடை மாதிரிக் காட்டுகிறது. ஆனால் எரிகிறதே?

பிளையர் அக்கா | 7.51

இப்போது அந்தப் பல்ப் வந்த பெட்டியை எடுத்து நாலு பக்கமும் வடிவாக வாசி.

கோப்பாய்ப் பொடியன் | 7.58

முன்னுக்குப் பெரிய எழுத்தில் 60 வாட். அதற்குக் கீழே சின்னதாக ‘இதற்குச் சமம்’ என்று இருக்கு. அடிப்பக்கத்தில் 9 வாட். எல்ஈடி பல்ப். அது முக்கியமா?

கிணற்றடி | 7.59

ஐயோ தம்பி.

அறிவியல்நகர் | 8.25

முக்கியம் மட்டும் இல்லை, முழு விடையும் அதுதான். நான் கிளிநொச்சியில் மூன்றாம் வருடம், இதே பிழையை முதலாம் வருடம் விட்டவன், அதனால் சிரிக்கவில்லை.

உங்கள் 23, 14 என்ற கணக்கு இரண்டும் இழை பல்ப் என்று வைத்துச் செய்தது. 60 வாட்டின் தடை ஏறக்குறைய 882 ஓம், 100 வாட்டினது 529. தொடரில் ஓட்டம் ஒன்றே, 0.163 அம்பியர். தடை கூடியதில் வெளிச்சம் கூட. அதில் பிழை இல்லை.

எல்ஈடி பல்ப் தடை மாதிரி நடக்காது. உள்ளே டயோட் பாலம் (வீட்டு ஏசி கரண்டை ஒரு பக்க ஓட்டமாக்குவது), கப்பாசிற்றர், ட்றைவர் சுற்று எல்லாம் இருக்கு. மீற்றர் கொடுக்கிற சின்ன வோல்டேஜுக்கு அந்த டயோட்கள் திறக்காது, அதனால்தான் ஓம் ஒன்றும் காட்டவில்லை. 9 வாட் பல்ப், திறன் காரணி (வோல்டேஜையும் ஓட்டத்தையும் பெருக்கி வருவதில் உண்மையில் வாட்டாகிற பங்கு) 0.5 என்று வைத்தால், எடுக்கிற ஓட்டம் ஏறக்குறைய 0.08 அம்பியர். அந்த ஓட்டம் உங்கள் 100 வாட் இழை வழியே போகிறது. இழை குளிராக இருக்கும்போது 40 ஓம். 0.08 தர 40, ஏறக்குறைய 3 வோல்ட். கால் வாட். கால் வாட்டுக்கு 100 வாட் இழை சிவக்குமா? மிச்ச 220க்கு மேல் எல்லாம் எல்ஈடிக்கே போகிறது, அதனால் அது முழுதாக எரிகிறது.

40 ஓம் ஏன்? தங்குதன் இழை எரியும்போது 2500 பாகைச் செல்சியசை நெருங்கும். சூட்டில் அதன் தடை குளிரில் இருப்பதைப் போல 12, 15 மடங்கு. 529ஐ 13ஆல் வகுத்துப் பாருங்கள். பல்ப் பெரும்பாலும் சுவிச்சைப் போடுகிற நொடியில் பியூஸ் ஆவதும் இதனால்தான், அந்த நொடியில் தடை சின்னது, ஓட்டம் பெரியது.

இன்டர்வியூவில் இதை விடாமல் சொல்லுங்கோ: 23, 14 என்பதும் ஒரு மதிப்பீடுதான். தொடரில் இரண்டு இழையும் முழுச் சூட்டுக்கு வராது. 100 இன்னும் கூடக் குளிராக நிற்கும், அதன் தடை இன்னும் இறங்கும், வித்தியாசம் கணக்கில் வருவதைவிடக் கூடத்தான் தெரியும்.

நியூட்ரல் நல்லவன் | 8.33

சரி, இருந்தாலும் நியூட்ரலையும் ஒருக்கால் பார்த்து வைக்கிறது நல்லது.

பழைய வயறிங்காரர் | 8.50

எல்ஈடி என்று முதலே சொல்லியிருந்தால் நானே சொல்லியிருப்பேன். டைனமோவில் நேரோட்டம் (டிசி), வீட்டில் ஆடலோட்டம் (ஏசி). இந்த அடிப்படை தெரியாமல் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

அறிவியல்நகர் | 8.57

ஐயா, சைக்கிள் டைனமோ தருவதும் ஆடலோட்டம்தான். உள்ளே சுழல்வது நிலைக்காந்தம், சுருள் அசையாமல் நிற்கிறது. ஓட்டத்தை ஒரு பக்கமாகத் திருப்பிவிட கொமியூட்டேற்றர் இல்லை. பெயர்தான் டைனமோ.

பழைய வயறிங்காரர் | 9.04

புத்தகத்தில் படித்தவர் சொல்கிறார். நாங்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, செய்தி கேட்டவர்கள். றேடியோ ஆடலோட்டத்தில் பாடுமா? பாடினது. ஆகவே நேரோட்டம்.

வெறும் வாசகன் | 9.30

எப்போதும் வாசித்துவிட்டுப் போகிறவன், இன்று எழுதுகிறேன். அப்பாவின் தகரப் பெட்டி இன்னும் எங்கள் சாமி அறை மேல்தட்டில் இருக்கு. இப்போதுதான் இறக்கித் திறந்தேன். ஒரு டைனமோ, அதில் 6 வோல்ட் 3 வாட் என்று அடித்திருக்கு. அதிலிருந்து இரண்டு வயர் ஒரு சோப்புப் பெட்டிக்குள் போகிறது. சோப்புப் பெட்டிக்குள் நாலு டயோட், கட்டை விரல் அளவு ஒரு கப்பாசிற்றர், மெழுகு ஊற்றி மூடியிருக்கு. அதற்குப் பிறகுதான் றேடியோவுக்கு வயர்.

அறிவியல்நகர் | 9.34

அந்தச் சோப்புப் பெட்டிதான் நேரோட்டம்.

பழைய வயறிங்காரர் | 9.41

எங்களிடம் இருந்தது வேறு விதமான டைனமோ.

கிணற்றடி | 9.45

இன்னொன்று. இறக்கத்தில் வேகமாகப் போனாலும் டைனமோ பல்ப் உடனே பியூஸ் ஆகாது என்பார்கள். வேகம் கூடினால் வோல்டேஜ் கூடும், ஆனால் அதிர்வெண்ணும் கூடும், சுருளின் தாக்குதிறனும் (ஆடலோட்டத்தை எதிர்க்கிற குணம்) கூடவே ஏறி ஓட்டத்தைப் பிடித்து வைக்கும். யாழ்ப்பாணத்தில் இறக்கம் எங்கே என்று கேட்காதீர்கள், மலைநாட்டு ஆள் ஒருவர் சொன்னது.

பிளையர் அக்கா | 9.52

டைனமோவை விடுங்கோ, பொடியன் வியாழன் போகவேண்டும். தம்பி, பல்ப் கேள்வி பத்தில் ஒன்று. மற்றதையும் பார். டெக்னீசியன் வேலைக்கு நான் போன ஒவ்வொரு இடத்திலும் கேட்டது: நிலைமாற்றியை (ட்றான்ஸ்போமரை) ஏன் கிலோவாட்டில் சொல்லாமல் கேவிஏயில் (கிலோவோல்ட் அம்பியர், வோல்டேஜ் தர ஓட்டம்) சொல்கிறோம். செப்பு இழப்பு (சுருள் கம்பி சூடாவது) ஓட்டத்தில் தங்கியிருக்கு, இரும்பு இழப்பு (நடு இரும்பு சூடாவது) வோல்டேஜில் தங்கியிருக்கு. இரண்டுக்கும் திறன் காரணியோடு வேலையில்லை. வாங்குகிறவன் அதில் மோட்டர் போடுவானா ஹீற்றர் போடுவானா என்று செய்கிறவனுக்கு எப்படித் தெரியும்? இவ்வளவு சொன்னால் போதும்.

பிறகு ஒன்று, இது திட்டு. பல்ப்புகளை எதில் இணைத்தாய்? வெறும் வயரை முறுக்கி பிளக்கில் செருகியிருப்பாய் என்று நினைக்கிறேன். கரண்ட் பார்க்கிற ரெஸ்ரர் எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை என்று நம்பாதே. முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் ரெஸ்ரரைச் சோதி, பிறகு வேலை செய்யும் இடத்தைச் சோதி, திரும்பவும் கரண்ட் இருக்கிற இடத்தில் ரெஸ்ரரைச் சோதி. மூன்று தரம்.

கிணற்றடி | 10.03

ஒற்றைக் கட்ட (சிங்கிள் பேஸ்) மோட்டர் ஏன் தானாகத் தொடங்காது என்றும் கேட்பார்கள். எங்கள் வெங்காயத் தோட்டத்துக் கிணற்று மோட்டரை நினைத்துக்கொள்ளும். கப்பாசிற்றர் போய்விட்டால் ‘ம்ம்ம்’ என்று இரையும், சுழலாது. அப்பு கயிற்றை மோட்டரின் கப்பியில் சுற்றி ஒரு இழுவை இழுத்துவிடுவார், இழுத்த பக்கத்துக்கே சுழன்றுகொண்டு போகும். ஒரு சுருள் மட்டும் என்றால் காந்தப்புலம் சுழலாது, ஒரே கோட்டில் முன்னும் பின்னும் அடிக்கும், எந்தப் பக்கம் என்று மோட்டருக்குத் தெரியாது. கப்பாசிற்றர் இரண்டாவது சுருளின் ஓட்டத்தை முன்னுக்குத் தள்ளி, பக்கத்தைக் காட்டிக்கொடுக்கிறது. (அப்புவின் கயிற்று வேலையைச் செய்யவேண்டாம், அவருக்கு ஒரு விரல் நகம் இல்லை.)

நியூட்ரல் நல்லவன் | 10.10

கொழும்பில் ஆடலோட்டம், நிலைமாற்றி என்று சொன்னால் விளங்குமா? இங்கிலீசில் பாடமாக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கோ.

அறிவியல்நகர் | 10.18

சொல்லை இங்கிலீசில் பழகட்டும், விளக்கத்தை எந்த மொழியில் விளங்கினாரோ அதில் யோசிக்கட்டும். இந்திய வீடியோ பார்த்துப் படிக்கிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும்: அங்கே 415, 440 என்பார்கள். இங்கே மூன்று கட்டம் 400 வோல்ட், ஒற்றைக் கட்டம் 230, 50 ஹேர்ட்ஸ். 230ஐ 1.732ஆல் (மூன்றின் வர்க்கமூலம்) பெருக்கினால் 398, அதைத்தான் 400 என்கிறோம். போன முறை என் நண்பன் 440 என்று சொல்லி, கேட்டவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பழைய வயறிங்காரர் | 10.26

எங்கள் காலத்தில் 400, 415 என்றெல்லாம் வித்தியாசம் பார்க்கவில்லை. ஷொக் ஒரே ஷொக்தான்.

பிளையர் அக்கா | புதன் காலை 7.15

தம்பி, எங்கே? விளங்கினதா?

நியூட்ரல் நல்லவன் | புதன் இரவு 9.40

பஸ்ஸில் இருப்பார்.

கோப்பாய்ப் பொடியன் | சனி காலை 11.20

எல்லோருக்கும் நன்றி. பல்ப் கேள்வி வரவில்லை. கேவிஏ கேட்டார்கள், சொன்னேன். பிறகு ஒரு பெட்டியைக் காட்டி, இதில் கை வைக்க முதல் என்ன செய்வாய் என்றார்கள். ரெஸ்ரர் மூன்று தரம் என்றேன், ஒருவர் எழுதிக்கொண்டார். ஸ்ரார் டெல்ராவில் (மோட்டரை ஸ்ரார் இணைப்பில் தொடக்கி, பிறகு டெல்ராவுக்கு மாற்றுவது) தொடங்குகிற ஓட்டம் மூன்றில் ஒன்று எப்படி என்று கேட்டார்கள், அங்கே தடுமாறிவிட்டேன். இரண்டு கிழமையில் அறிவிப்பார்களாம். குஞ்சுக் கூட்டில் 100ஐத் திருப்பிப் போட்டாச்சு.

கிணற்றடி | 11.34

குஞ்சுகள் எப்படி?

பழைய வயறிங்காரர் | 11.50

ஸ்ரார் டெல்ராவை என்னிடம் கேட்டிருக்கலாமே.