கேன்டர்பரி பண்ணை பைன்: பலகைக்கா, காற்றுக்கா?

பண்ணையாள்:
நியூசிலாந்தில் பழைய பண்ணை வீடுகளைச் சுற்றி நிற்கும் பைன் எல்லாம் பலகைக்காக நட்டதாம். நேற்று ஒருவர் இங்கே அடித்துவிட்டார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அங்கே தென் தீவிலுள்ள கேன்டர்பரி சமவெளியில் வெள்ளையர் குடியேறியபோது பெரும்பாலும் புல்வெளிதான். மலையிலிருந்து இறங்கும் வடமேற்குக் காற்று சூடாக வந்து மண்ணை வாரிக்கொண்டு போகும். அதை மறிக்கத்தான் சட்டென்று வளரும் கலிபோர்னியா ரேடியேட்டா பைனை வரிசையாக வைத்தார்கள்.

மரக்கடை:
அந்த 'ஒருவர்' நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். மரம் நட்டால் நிலம் என்று 1871-ல் சட்டமே போட்டார்கள். காற்றை நிறுத்தவா நிலம் கொடுத்தார்கள்?

பண்ணையாள்:
கேன்டர்பரியின் மவுண்ட் பீல் பண்ணையில் அதன் உரிமையாளர் ஆக்லண்ட் ரேடியேட்டா நட்டது 1859-ல். உங்கள் சட்டத்துக்குப் பன்னிரண்டு வருடம் முன்னால். நான் வேலை செய்யும் பால் பண்ணையில் ஒரு பழைய வரிசை இருக்கிறது, அடிமரம் வரை கிளை. பலகைக்கு நட்டவன் கிளை கழிக்காமல் விடுவானா? அறுத்தால் கணுக்கணுவாக வரும். மரக்கடை வைத்திருப்பவருக்கு இது தெரிய வேண்டாமா?

மரக்கடை:
என் கடையை இழுக்காதீர்கள். விறகு, வேலிக்கம்பம் எல்லாம் எங்கிருந்து வந்தது?

பண்ணையாள்:
விறகு வேறு, பலகை வேறு. நீங்கள் சொன்னது பலகை.

மலைநாட்டாள்:
பண்ணையாள் போன வாரம் போட்ட படத்தில் இருப்பது பைனே இல்லை, மேக்ரோகார்பா. சைப்ரஸ் வகை. ரேடியேட்டாவுக்கு ஒரு கொத்தில் மூன்று ஊசி இருக்கும், இதில் செதில்தான். அன்றே சொன்னேன், காதில் வாங்கவில்லை.

பண்ணையாள்:
இடப்பக்கம் மேக்ரோகார்பா, வலப்பக்கம் ரேடியேட்டா. இரண்டுமே கலிபோர்னியாவின் மான்டரே கடற்கரைச் சரக்கு. படத்தை முழுதாகப் பாருங்கள் அம்மா.

மலைநாட்டாள்:
வலப்பக்கம் பாதி மரம்தான் தெரிகிறது.

புல்வெளி:
எதற்கு நட்டால் என்ன? கான்டார்ட்டா பைன் விதை பறந்து மலைச்சரிவெல்லாம் முளைத்துக் கிடக்கிறது. பிடுங்கி மாளவில்லை.

பண்ணையாள்:
அது கான்டார்ட்டா. நான் பேசுவது ரேடியேட்டா. அதன் கூம்பு சூடு பட்டால்தான் நன்றாக விரியும். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். வயலில் வட்டமாகச் சுற்றி வரும் நீளமான நீர்ப்பாசன எந்திரம் போக வழியில்லை என்று இந்த வரிசைகளை வெட்டித் தள்ளுகிறார்கள், அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன். வெட்டின இடத்தில் நின்றால் காற்று முகத்தில் அறைகிறது.

மரக்கடை:
வெட்டின மரம் எங்கே போகிறது? அறுவை மில்லுக்குத்தானே?

பண்ணையாள்:
நட்டது எதற்கு என்பதுதான் பேச்சு. காற்றுக்கு. நாளைக் காலையில் அடிக்கிளையைப் படம் எடுத்துப் போடுகிறேன்.

மலைநாட்டாள்:
ஊசி தெரிகிற மாதிரி எடுங்கள்.

மரக்கடை:
1871-க்கு இன்னும் பதில் வரவில்லை.