மறு: ஹாலோதெரபிக்குத் தமிழ் – ‘உப்பறை மருத்துவம்’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

உப்பறையில் உட்கார்ந்து உப்புத்தூசியைச் சுவாசிக்கும் ‘ஹாலோதெரபி’க்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன தமிழ்ச்சொல் வைக்கலாம் என்று பேசும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ‘உப்பறை மருத்துவம்’ என்ற முன்மொழிவுக்குப் பலரும் தலையாட்டிவிட்ட பிறகு குறுக்கே வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தச் சொல்லின் இரண்டு பாதியும் ஒப்பவில்லை.

முதலில் அறை. சொல்லுக்கு முன் பொருளைப் பார்த்துவிடலாம் என்று போன வாரம் அப்படி ஓர் இடத்துக்குப் போய் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறை மாட்டிக்கொண்டு நுழைந்தால் தரை முழுக்கக் கல்லுப்பு. நடந்தால் நறநறவென்கிறது. சுவரெங்கும் இளஞ்சிவப்பு உப்புக்கட்டி, அதற்குப் பின்னால் விளக்கு. பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்தச் சுவரிலிருந்து நம் மூச்சுக்குள் எதுவும் வருவதில்லை. உப்பு உருகுவதற்கே 801 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அறைச் சூட்டில் அது ஆவியாகிக் காற்றில் கலக்காது. வேலை நடப்பது சுவருக்கு அந்தப் பக்கம். அங்கே சின்னதாக ஓர் இயந்திரம். பணிப்பெண் ஒரு கரண்டி உப்பை அதில் போட்டார். அது உப்பைச் சில மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்கு அரைத்து, ஒரு குழாய் வழியாக அறைக்குள் ஊதுகிறது. ஏறக்குறைய 5 மைக்ரானுக்குக் குறைந்த துகள்தான் மூச்சுக்குழாயின் ஆழம்வரை போகும். பெரியது மூக்கிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். வெளியே வந்தபோது உதடு கரித்தது. கறுப்புச் சேலையின் மடிப்பில் மாவு தூவினாற்போல் வெள்ளை படிந்திருந்தது.

ஆக, அந்த இயந்திரத்தைச் சுண்ணாம்படித்த சாதா அறையில் வைத்தாலும் நடப்பது இதேதான். ‘இந்துப்பறை’ என்று ஓர் ஐயா சொன்னதும் இதனால்தான் பொருந்தாது. இந்துப்பு பாறை உப்புக்குப் பழைய சொல், சிந்துவை நினைவூட்டும் நல்ல சொல். இமயமலை உப்பு என்ற பெயரில் விற்கப்படும் இளஞ்சிவப்புக் கட்டிகளும் பெரும்பாலும் பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள கேவ்ரா சுரங்கத்து உப்புதான். ஆனால் இயந்திரத்துக்குள் போவது அந்த உப்பு இல்லை, சுத்திகரித்த சோடியம் குளோரைடு. ‘உப்பாவி’ என்றும் வைக்க முடியாது, ஆவி அங்கே இல்லவே இல்லை.

அப்படியானால் அறை எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது? போலந்தின் கிராக்கொவ் நகருக்குப் பக்கத்தில் வியெலிச்கா என்ற உப்புச் சுரங்கம் இருக்கிறது. அங்கே மருத்துவராக இருந்த ஃபெலிக்ஸ் போச்கோவ்ஸ்கி, உப்புத்தூசியைச் சுவாசிக்கும் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலைக் கவனித்து 1843இல் நூல் எழுதினார். இன்றும் அங்கே 135 மீட்டர் ஆழத்தில் மூச்சு நோயாளிகளுக்கான இடம் நடக்கிறது. இரவில் போய்ப் படுத்து உறங்கிவிட்டும் வருகிறார்கள். எல்லோராலும் சுரங்கத்துக்கு இறங்க முடியாது என்பதால் சுரங்கக் காற்றைத் தரைக்கு மேல் செய்து பார்க்கலாம் என்று 1980களில் சோவியத் ஒன்றியத்தில் தொடங்கியதுதான் இந்த அறை. அறை என்பது சுரங்கத்தின் போலி. தூசி மட்டும் அசல்.

இந்த இடத்தில் நம் பட்டியலில் உள்ள ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளலாம். ‘ஸ்பீலியோதெரபி’க்கும் ‘ஹாலோதெரபி’க்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். முன்னதன் வேர் குகை, பின்னதன் வேர் உப்பு, இரண்டும் கிரேக்கம். ஜெர்மனியில் க்ளுட்டர்ட் என்று ஒரு குகை. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு அஞ்சி மக்கள் அதற்குள் ஒதுங்கினார்கள். அங்கே இருந்த ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு தணிந்ததை மருத்துவர் ஸ்பானாகெல் கவனித்தார். அது சுண்ணாம்புக்கல் குகை, உப்பு ஒரு துளியும் கிடையாது. ஆகவே இதைக் ‘குகைத்தங்கல்’ என்று பிரித்துவிடலாம் என்பது என் கருத்து. வியெலிச்கா போன்றதற்குச் ‘சுரங்கத்தங்கல்’. செய்வது அதுதானே, போய்த் தங்குகிறார்கள். இன்னொரு வகையும் உண்டு. போலந்தின் செஹோச்சினெக் ஊரில் மரச்சட்ட மதில் கட்டி, முட்செடிக் கட்டுகளின் மேல் உப்புநீரைச் சொட்டவிடுகிறார்கள். அதன் ஓரமாக மக்கள் நடந்துவிட்டு வருகிறார்கள். அங்கே மூச்சில் போவது ஈரத் திவலை. குற்றாலச் சாரலை அறிந்த நமக்கு அதற்கு ‘உவர்ச்சாரல்’ என்பதைவிட நல்ல சொல் கிடைக்காது.

இனி ‘மருத்துவம்’. என் மனம் உறுத்துவது இங்கேதான்.

அந்த அறையில் என் பக்கத்து நாற்காலியில் ஓர் ஆச்சி, ஏழெட்டு வயதுப் பேரனோடு. பையனுக்கு இழுப்பு. முடிந்து எழுந்தபோது கைப்பையிலிருந்து நீல நிற இன்ஹேலரை எடுத்துப் பணிப்பெண்ணிடம் காட்டி, “இனிமே இது வேண்டாம்ல தாயி?” என்று கேட்டார். அந்தப் பெண் நல்லவர், “டாக்டர்ட்ட கேட்டுக்கோங்க பாட்டி” என்றார். ஆனால் ஆச்சி அப்படிக் கேட்டதற்குக் காரணம் வாசல் பலகையில் எழுதியிருந்த ‘சிகிச்சை’ என்ற ஒற்றைச் சொல். அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வேலையைத்தான் நாம் இப்போது செய்துகொண்டிருக்கிறோம்.

குகைத்தங்கல் ஆஸ்துமாவுக்கு உதவுமா என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தபோது எடுத்துக்கொள்ளத் தக்கவையாக மூன்றே சோதனைகள்தான் கிடைத்தன. மூன்றிலும் சேர்த்து 124 குழந்தைகள். நம்பத் தகுந்த முடிவு எதுவும் சொல்ல முடியவில்லை என்றே எழுதினார்கள். உப்புக்கு மருந்துக் குணமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் கெட்டிச் சளி தேங்கும் பரம்பரை நோய்) உள்ளவர்களுக்கு 7 விழுக்காட்டு உப்புக்கரைசலை நெபுலைசரில் கொடுத்தால் பயன் உண்டு என்று ஆஸ்திரேலிய ஆய்வு 2006இல் காட்டியது. அது அளந்து கொடுக்கும் மருந்து. அதே சமயம், 4.5 விழுக்காட்டுக் கரைசலை மூச்சில் ஏற்றி மூச்சுக்குழாய் சுருங்குகிறதா என்று ஆஸ்துமாவைக் கண்டறியும் சோதனையும் இருக்கிறது. இழுப்பு உள்ளவருக்கு உப்பே இழுப்பைக் கிளப்பலாம் என்பதுதானே அதன் பொருள். உப்பு உடம்புக்கு நல்லது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைத் தூத்துக்குடி உப்பளத்தில் காலில் புண்ணோடு நின்று உப்பு வாரும் பெண்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

எனவே சொல் நோய் தீரும் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. என்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் சொன்னால் போதும்.

சித்த மருத்துவத்தில் உடம்புக்கு வெளியே செய்யும் 32 புறமுறைகளைப் புரட்டிப் பார்த்தேன். வேது, புகை, நசியம், ஊதல் எல்லாம் அங்கே இருக்கின்றன. ‘உப்புவேது’ என்று அக்கா ஒருவர் எழுதியது காதுக்கு அவ்வளவு இனிமை, விட மனமில்லைதான். ஆனால் வேது என்றால் சூடும் ஈரமும் கூடவே வரும். இது குளிர்ந்த உலர்ந்த தூசி. ‘உப்பூதல்’ என்று நானே முதலில் எழுதிவைத்திருந்தேன். வீட்டில் சத்தமாகப் படித்ததும் என் மகள், “யாருக்கும்மா உடம்பு உப்பி ஊதிப்போச்சு?” என்றாள். அதோடு அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். இயந்திரத்துக்கு மட்டும் ‘உப்பூதி’ நிற்கும் என்று நினைக்கிறேன். அது உப்பை ஊதுகிறது, ஐயத்துக்கு இடமில்லை.

செயலுக்குச் சொல் அந்த ஊதலிலிருந்து வரவில்லை, சளி பிடித்தால் நாம் போர்வைக்குள் செய்வதிலிருந்து வந்தது. ஆவி பிடிக்கிறோம். எந்த ஊரிலும் யாரும் அதை ‘ஆவிச் சிகிச்சை’ என்று சொல்வதில்லை. ஆவி பிடித்தும் சளி இறங்கவில்லையென்றால் மருத்துவரிடம் போகிறோம். அந்தப் ‘பிடித்தல்’ போதும். ‘உப்புத்துகள் பிடித்தல்’. ‘உப்பு பிடித்தல்’ என்று சுருக்கினால் கறியில் உப்பு பிடித்ததா என்ற அடுக்களைப் பேச்சோடு மோதும். துகளை விடாமல் வைத்தால் மோதாது. ‘துகள் பிடிப்பு’ என்று பெயராக்க வேண்டாம், சுளுக்கு மாதிரி ஆகிவிடும். இடத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘உப்பறை’ தாராளமாக இருக்கட்டும்: “உப்பறையில் துகள் பிடித்தேன்.”

அகராதியில் தலைச்சொல்லாக வைக்க இது நீளம் என்பார்கள். ஏழெழுத்தும் ஐந்தெழுத்தும்தான், பிசியோதெரபிக்கு வைத்த ‘இயன்முறை மருத்துவம்’ இதைவிட ஓரெழுத்துதான் குறைவு, அதைத் தமிழ்நாடு முழுக்கப் பலகையில் எழுதிவிட்டோம்.

யாழ்ப்பாணத்து நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பக்கம் ஆவிக்கும் ‘வேது பிடித்தல்’ என்றே வழங்குவதாகக் கேட்டிருக்கிறேன். அப்படியானால் ‘துகள் பிடித்தல்’ உங்கள் காதில் எப்படி விழுகிறது? உங்கள் பதிலைப் பார்த்த பிறகே பட்டியலில் ஏற்றலாம்.